வரைபடம் போடுமுன் ஊரைக் கேளுங்கள்: பங்குக் கோவில் கேள்வி பதில்

தேவகோட்டைப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்கில் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் இருக்கும் கோவில் வட்டாரம்) 12 வருஷம் பேரவைச் செயலராக, அதாவது பங்குத்தந்தைக்கு ஆலோசனை சொல்லும் மக்கள் குழுவின் செயலராக இருந்தேன். பழைய கோவிலைப் பழுது பார்ப்பதா, இடித்துக் கட்டுவதா என்று ஊரைக் கேட்கும் வேலை என் தலையில்தான் விழுந்தது. அதில் பட்டதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

ஐயா, ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டம் போட்டோம். நாலு பேர்தான் பேசினார்கள், மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. (புதுவயல்)

பூசை முடிந்த கையோடு போட்டால் அப்படித்தான். பாதிப் பேருக்கு அடுப்பு நினைப்பு, மீதிப் பேருக்குச் சாமியார் முன்னால் மறுத்துப் பேசக் கூச்சம். நாங்களும் முதலில் இந்தத் தப்பைச் செய்தோம். அப்புறம் அன்பியம் அன்பியமாக (பக்கத்துப் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் சிறு குழுதான் அன்பியம்), ராத்திரி ஏழரைக்கு மேல், யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தோம். "நான் வரவில்லை, நீங்கள் பேசுங்கள்" என்று பங்குத்தந்தையே ஒதுங்கிக்கொண்டார். கேட்டது ஒரே கேள்வி: கோவிலுக்கு வந்து போவதில் உங்களுக்கு எது கஷ்டம்?

ஒரு பாட்டி சொன்னார்: "வடக்கு வாசல்ல மூணு படி, புடிச்சு ஏறக் கம்பி இல்ல. ஏறி வந்ததும் கடைசித் தூணோரமா உக்காந்துருவேன். நன்மை வாங்க முன்னால போயி ரெண்டு வருசமாச்சு." நன்மை என்றால் பூசையில் தரும் நற்கருணை அப்பம். மறுநாள் அந்தத் தூணைப் போய்ப் பார்த்தேன். ஆள் சாயும் உயரத்தில் சுண்ணாம்புப் பூச்சு மட்டும் மழுமழுவென்று தேய்ந்து கிடந்தது. நாங்களோ அதுவரை கோபுரம் எத்தனை அடி என்று வாதாடிக்கொண்டிருந்தோம்.

பேரவை ஓட்டெடுத்து முடிவு செய்தால் பங்குத்தந்தை அதை ஏற்றுத்தான் ஆக வேண்டுமா? (காரைக்குடி)

இல்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் எண் 536 பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமையைத்தான் தருகிறது. புதுக் கோவில் கட்ட மறைமாவட்டத்தின் தலைவரான ஆயரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் (எண் 1215). இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். மறைத்து ஓட்டெடுத்தால் பின்னால் வரும் மனஸ்தாபம் பெரிது. அதற்காக வாயை மூடிக்கொள்ளவும் வேண்டாம். திருச்சபையின் நன்மை பற்றிய கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்வது விசுவாசிகளின் உரிமை, சில நேரம் கடமையும்கூட என்கிறது எண் 212. 2024 அக்டோபரில் முடிந்த ஆயர் மாமன்றமும் இப்படிப்பட்ட பேரவைகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்றே வலியுறுத்தியது.

சுவர் ஈரம் கோத்து உதிர்கிறது. கான்ட்ராக்டர் இடிக்கச் சொல்கிறார். (கண்டனூர்)

இடித்தால்தானே அவருக்குப் பெரிய வேலை! முதலில் ஒன்று பாருங்கள்: பழைய சுண்ணாம்புச் சுவர் மேல் யாராவது சிமென்ட் பூசியிருக்கிறார்களா? சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் உள்ளேயே அடைத்துவைக்கும். அப்புறம் உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். சிமென்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனார்கள் நம் செட்டிநாட்டில் இன்னும் இருக்கிறார்கள். தரையில் உடைந்த பூக்கல்லுக்கு, அந்தக் கல் செய்யும் ஆத்தங்குடி பக்கத்திலேயே இருக்கிறது. அதே பூ, அதே நிறத்தில் கண்ணாடி மேல் வார்த்துத் தருவார்கள். கூரையிலோ வளைவிலோ விரிசல் என்றால் மட்டும் கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டு எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைக் கேளுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் கோபுரத்துக்கென்று பணம் அனுப்பினார்கள். இப்போது மக்கள் கூரையை முதலில் பாருங்கள் என்கிறார்கள்.

எதற்கென்று கொடுத்தார்களோ அதற்குத்தான் செலவழிக்க வேண்டும், எண் 1267. கொடுத்தவர்களிடம் போனில் பேசுங்கள், சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்கு ஒருவர் தவிர எல்லோரும் சரி என்றார்கள். அந்த ஒருவர் பணம் கோபுரக் கணக்கில் அப்படியே கிடக்கிறது.

எங்கள் கிளைக்கிராமத்தில் 14 குடும்பம்தான். கோவிலை மூடிவிடுவார்கள் என்று பேச்சு.

பேச்சை நம்பி ஓடாதீர்கள். ஒரு கோவிலை வழிபாட்டிலிருந்து விலக்க ஆயருக்கு வலுவான காரணம் வேண்டும், குருக்கள் மன்றத்தைக் கேட்க வேண்டும், ஆன்மாக்களின் நலன் கெடக்கூடாது (எண் 1222). ஆணை கைக்கு வந்தால் மறுபரிசீலனை கேட்க 10 நாள்தான் அவகாசம். அதில் கோட்டை விட்டுவிடாதீர்கள். இப்போதே செய்ய வேண்டியது, நிலப் பத்திரம் எங்கே என்று தேடுவது. சிவகங்கை மறைமாவட்டம் 1987-ல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது, அதனால் பழைய காகிதத்தை மதுரையிலும் விசாரியுங்கள்.

தெற்குத் தெருக்காரர்கள் எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை. அறிவிப்பு ஒழுங்காகத்தான் வாசிக்கிறோம்.

வாசித்தீர்கள், சரி. அழைத்தீர்களா? முதல் கூட்டத்தை அந்தத் தெருவிலேயே போடுங்கள். தேர் அந்தத் தெருவுக்குள் வருகிறதா என்றும் பாருங்கள். வராவிட்டால் அவர்கள் ஏன் வருவதில்லை என்று என்னைக் கேட்க வேண்டியதில்லை.

கூட்டத்துக்கு டீ, பலகாரம் யார் செலவு? (பள்ளத்தூர்)

சிரிக்காதீர்கள், இது பெரிய கேள்வி. எங்கள் முதல் வீட்டில் வெள்ளைப் பணியாரம் சுட்டார்கள். இரண்டாவது வீட்டுக்காரர் அதோடு கந்தரப்பமும் சேர்த்தார். மூன்றாவது வீட்டில், "எங்க வீட்ல எடம் பத்தாது சார்" என்றுவிட்டார்கள். அதிலிருந்து பேரவைக் கணக்கில் சுக்குமல்லிக் காபி மட்டும்.