எல்லாரும் என் ரகசியத்த கேக்குறாங்க, எனக்கே தெரியலயே

வணக்கம் மேடம்,

நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், வயசு 54. முன்ன தோட்டத்துல பால்மரம் வெட்டிக்கிட்டு இருந்தேன், மரத்தெல்லாம் சாச்சிட்டு செம்பனை போட்டப்பறம் தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கு வந்துட்டோம், இப்ப வீட்டு முன்னாடி மேச போட்டு வடை, கறிப்பாப் விக்கிறேன்.

2012-ல எனக்கு சினைப்பை கேன்சர், ஸ்டேஜ் 3. வயிறு உப்பிக்கிட்டே போச்சு, காஸ்ட்ரிக்னு நெனச்சு மருந்து வாங்கி வாங்கி குடிச்சேன், பாவாட நாடா எட்டாத அளவுக்கு வந்தப்பதான் ஸ்கேன் எடுத்தாங்க, உள்ள பூரா தண்ணி. பெரிய ஆபரேஷன், அப்புறம் 3 வாரத்துக்கு ஒண்ணுன்னு 6 கீமோ. 13 வருஷம் ஆச்சு, திரும்ப வரல. கால் விரல் மட்டும் இன்னும் மரத்துதான் கெடக்கு, போன மாசம் கோயில்ல இருந்து வரும்போது ஒத்த கால் சிலிப்பர் கழண்டு விழுந்தது தெரியாம பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன், ஒரு பையன் எடுத்துக்கிட்டு ஓடி வந்தான்.

பிரச்சன இது இல்ல. இந்த ஊர்ல யாருக்கு எந்த கேன்சர் வந்தாலும் என்னைய கூட்டிட்டு போயிடுறாங்க. 'பாரு, இவங்க பொழச்சு 13 வருஷமாச்சு'ன்னு கண்காட்சி மாதிரி நிக்க வச்சி, என்னா சாப்பிட்டீங்க, எந்த சாமிக்கு வேண்டுனீங்கன்னு கேப்பாங்க. நானும் ஏதாச்சும் சொல்லணுமேன்னு டுரியான் பெலாண்டா (முள்சீத்தா) எல காய்ச்சி குடிச்சத சொல்லுவேன். குடிச்சேன், பொய் இல்ல, ஆனா கீமோவும் போட்டேன்ல. ரெண்டு மாசத்துக்கு முன்ன ஒரு தங்கச்சி, அதுக்கும் இதே வியாதி, நான் போய் பேசிட்டு வந்தேன். இப்ப கேள்விப்படுறேன் அது ரெண்டு கீமோவோட நிறுத்திட்டு எல தண்ணி குடிக்குதாம், 'அக்காவே அப்படித்தான் பொழச்சாங்க'ன்னு சொல்லுதாம். எனக்கு கையி காலு ஓடல மேடம், இன்னும் அது மூஞ்சில முழிக்கல.

இன்னொன்னு. எனக்கு பக்கத்து கட்டில்ல கோலகங்சார் அக்கா ஒருத்தவங்க இருந்தாங்க. அதே ஸ்டேஜ், அதே மருந்து, ஒரே நாள்ல ரெண்டு பேருக்கும் ஊசி ஏறும். எனக்கு வாந்தியா வரும், அவங்கதான் ஃபிளாஸ்க்ல இருந்து மைலோ ஊத்தி ஒரு வாய் குடி, ஒரு வாய் குடின்னு கெஞ்சுவாங்க. கடைசி கீமோ அன்னிக்கு ஃபிளாஸ்க்க என் பையில வச்சிட்டு போயிட்டாங்க, ஞாபகமா வச்சிக்கன்னு. ரெண்டு வருஷத்துல திரும்ப வந்து போய் சேந்துட்டாங்க. என்னைய விட நல்லவங்க, அவங்களுக்கு ரெண்டு சின்ன புள்ள, என் புள்ளைங்க அப்பவே பெரிசு. அந்த மக கல்யாணத்துக்கு இப்ப பத்திரிக வச்சிருக்கு. நான் எப்படி உசுரோட போய் அந்த பந்தல்ல நிக்கிறது? ஃபிளாஸ்க்க திருப்பி குடுக்கணுமா?

வீட்டுக்கு தெரியாம மாசா மாசம் டவுன் லேப்ல சிஏ 125-னு இந்த கேன்சருக்கு பாக்குற ரத்தம் டெஸ்ட் எடுக்குறேன், கறிப்பாப் காசுலதான். போன மாசம் 11-ல இருந்து 14 ஆச்சு, மூணு ராத்திரி தூங்கல. நல்லாதான இருக்கேன், ஏன் இப்படி இருக்கேன்?

— சுங்கை சிப்புட் வாசகி

அன்புள்ள அக்கா,

நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். மொதல்ல அந்த தங்கச்சி விஷயம், மத்ததெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கும், இது காத்திருக்காது. இந்த வாரமே நேர்ல போங்க. போய், 'நான் உன்கிட்ட பாதிதான் சொன்னேன்'னு ஆரம்பிங்க. ஆபரேஷன்ல என்னென்ன எடுத்தாங்க, 6 ஊசியும் எவ்வளவு பாடுபட்டு போட்டுக்கிட்டீங்க, முடி கொட்டுனது, வாந்தி எடுத்தது, நாலாவதுக்கு போகமாட்டேன்னு கூட அடம் புடிச்சிருப்பீங்க, அது எல்லாத்தையும் சொல்லுங்க. டுரியான் பெலாண்டா எலச் சாறு ஆய்வுக்கூடத்துல கண்ணாடிக் குடுவைக்குள்ள கேன்சர் செல்ல கொன்னிருக்கு, உண்மைதான், ஆனா மனுஷ ஒடம்புல கேன்சர குணமாக்குச்சின்னு நிரூபணம் கெடையாது. அதையே ரொம்ப நாள் நெறைய எடுத்தா நரம்ப கெடுக்கும்னு ஒரு சந்தேகமும் இருக்கு, உங்க காலு ஏற்கனவே மரத்துப்போன காலு, அதனால உங்களுக்கும் சேத்துதான் சொல்றேன். அந்த தங்கச்சி கீமோவ நிறுத்துனதுக்கு வேற காரணமும் இருக்கலாம்க்கா, பயம், பஸ் செலவு, புள்ளைய பாத்துக்க ஆளில்லாம கூட இருக்கலாம். கேளுங்க. முடிஞ்சா அடுத்த அப்பாய்ன்மெண்டுக்கு கூடவே போங்க. கேட்டும் அது வரலன்னா அந்த பழி உங்க தலையில இல்ல, ஆனா நீங்க போகாம இருந்தா உங்களுக்கே மனசு ஆறாது, அதான் போங்கன்னு சொல்றேன்.

இப்ப அந்த பெரிய கேள்வி, நான் ஏன் பொழச்சேன், அவங்க ஏன் போனாங்க. இப்படி பொழச்சது நீங்க ஒரே ஆளுன்னு நெனச்சிக்கிட்டு இருக்கீங்க. அமெரிக்காவுல கலிபோர்னியா மாநிலத்துல இந்த வியாதி வந்த 11,541 பொம்பளைங்களோட பதிவ எடுத்து பாத்து 2015-ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல கிட்டத்தட்ட 31 சதவீதம் பேரு 10 வருஷத்துக்கு மேல இருந்திருக்காங்க. எல்லாம் ஆரம்பத்துலயே கண்டுபுடிச்சவங்களா இருக்கும்னு நெனப்பீங்க, அப்படி இல்ல, முத்துன ஸ்டேஜ்ல இருந்தவங்களும் நூத்துக்கணக்குல இருந்தாங்க. கம்மிதான், ஆனா இருக்காங்க. அவங்க எல்லாரும் என்னா சாப்பிட்டாங்க?

ஏன்னு கேட்டா டாக்டருங்க சில காரணம் சொல்லுவாங்க. ஆபரேஷன்ல கண்ணுக்கு தெரிஞ்ச கட்டி எல்லாத்தையும் எடுக்க முடிஞ்சிதா, இல்ல எட்டாத எடத்துல கொஞ்சம் நின்னுபோச்சா. கட்டி கார்போபிளாட்டின்னு சொல்ற கீமோ மருந்துக்கு எவ்வளவு மசிஞ்சி குடுத்துச்சி. ஒடம்போட காவல் செல்லுங்க கட்டிக்குள்ள போய் உக்காந்திருந்துச்சா. பிஆர்சிஏ-னு ஒரு ஜீன்ல பழுது இருந்தா கேன்சர் வர்ற வாய்ப்பு கூடுது, வந்தப்பறம் அதே பழுது இருக்குற கட்டி இந்த மருந்துக்கு நல்லா மசியிறதும் உண்டு, என்னா வேடிக்க பாருங்க. இதுல ஒண்ணாவது அந்த அக்காவோட கையில இருந்துச்சா? இல்ல உங்க கையிலயா? மைலோ ஊத்திக் குடுத்தவங்களுக்கு மருந்து வேல செய்யாம, வாந்தி எடுத்தவங்களுக்கு வேல செஞ்சிருக்கு, புண்ணியக் கணக்கு பாத்தா இது நடக்குமா. நல்லவங்க கெட்டவங்கன்னு பாக்க அந்த கட்டிக்கு கண்ணு இல்லக்கா. மாரியாத்தா காப்பாத்துனான்னு நீங்க நம்பினா நம்புங்க, நானும் திருவிழாவுக்கு பால்குடம் எடுக்குறவதான், ஆனா அப்படின்னா அந்த அக்காவ ஏன் கைவிட்டான்னு ராத்திரி முழிச்சி கெடக்குறீங்க பாருங்க, அங்கதான் மாட்டிக்கிறீங்க.

ஜீன் பேச்சு வந்ததால ஒண்ணு, நீங்க கேக்கல. உங்களுக்கு அந்த டெஸ்ட் எடுத்தாங்களான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, 2012-ல எல்லாருக்கும் எடுக்கல. உங்ககிட்ட அந்த பழுது இருந்தா ஒவ்வொரு புள்ளைக்கும் பாதிக்கு பாதி வர வாய்ப்பு, ஆம்பள புள்ளையும் சேத்துதான்.

ரத்த டெஸ்ட்ட பத்தி சுருக்கமா சொல்றேன். 35-க்கு கீழ இருந்தா நார்மல், 11 ஆகி 14 ஆகுறது காய்ச்சல் சளிக்கு ஏறி எறங்குற மாதிரி, அதுக்கு தூக்கத்த குடுக்காதீங்க. 2010-ல பிரிட்டனும் ஐரோப்பாவும் சேந்து செஞ்ச ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. இந்த நம்பர் ஏறுன உடனே திரும்ப மருந்து ஆரம்பிச்சவங்களும், ஒடம்புல ஏதாச்சும் தெரிஞ்சப்பறம் ஆரம்பிச்சவங்களும் ஒரே அளவுதான் உசுரோட இருந்தாங்க. அதனால எத்தன மாசத்துக்கு ஒருக்கா எடுக்கணும், எடுக்கத்தான் வேணுமான்னு டாக்டர் முடிவு பண்ணட்டும், லேப்காரன் வேணாம். வயிறு திரும்ப உப்புனா, சாப்பாடு எறங்கலன்னா, உடனே போங்க, செக்கப்புக்கு காத்திருக்காதீங்க. வீட்டுக்கும் சொல்லிடுங்க. 13 வருஷம் ஆனாலும் இந்த பயம் முழுசா போகாது, உங்கள மாதிரி என்கிட்ட வர்றவங்க பாதி பேருக்கு செக்கப் தேதி நெருங்குனா வயிறு கலக்கும்.

கல்யாணத்துக்கு வருவோம். எங்க தாத்தா சண்ட காலத்துல ஜப்பான்காரன் சயாம் ரயில் போட புடிச்சிட்டு போன ஆளு, 1945-ல திரும்பி வந்தாரு. அவரு தோட்டத்துல இருந்து போனவங்கள்ல பாதி பேரு வரல. வந்த அன்னிக்கு பக்கத்து லயத்து பொம்பளைங்க எல்லாம் கூடி 'என் மவன பாத்தியா, என் வீட்டுக்காரர பாத்தியா'ன்னு கேட்டாங்களாம். அதுக்கப்புறம் எங்க தாத்தா அந்த லயத்து வழியா நடந்ததே இல்லன்னு பாட்டி சொல்லும், ஆத்தோரமா சுத்திக்கிட்டுதான் காலையில பேர் குடுக்குற பெரட்டுக்கு போவாராம், சாகுற வரைக்கும். அந்த பொம்பளைங்களுக்கு அவரு மேல கோவம் இல்லக்கா. கடைசி கடைசியா எப்படி இருந்தான், என்னா பேசுனான்னு கேக்கத்தான் காத்திருந்தாங்க. அத சொல்ல ஊர்ல வேற ஆளு இல்ல.

அந்த பொண்ணு உங்களுக்கு பத்திரிக வச்சிருக்குன்னா உங்கள தேடி வச்சிருக்கு. அம்மா ஆஸ்பத்திரில இருந்த அந்த நாளுங்கள்ல நாள் பூரா கூட இருந்தது நீங்கதான், அந்த புள்ள அப்ப ஸ்கூலுக்கு போயிட்டிருந்திருக்கும். கல்யாணத்துக்கு போங்க, மொய் எழுதுங்க, சாப்பிடுங்க, பந்தல்ல இந்த பேச்செல்லாம் வேணாம், கல்யாண நாள்ல அந்த புள்ள அழுதா உங்களுக்கும் தாங்காது. ஃபிளாஸ்க்க வீட்லயே வைங்க. ஒரு மாசம் கழிச்சி புதுப் பொண்ண வீட்டுக்கு கூப்புடுங்க, கறிப்பாப் சுடுங்க, அதே ஃபிளாஸ்க்ல மைலோ கலக்கி ஊத்துங்க. இது ஏதுன்னு அதுவே கேக்கும். திரும்பிப் போகும்போது அது எடுத்துக்கிட்டு போகணும்னு சொன்னா குடுத்துடுங்க, இல்ல அத்தைகிட்டயே இருக்கட்டும்னு சொன்னா அலமாரில எடுத்த எடத்துலயே வைங்க.