சொல் விளக்கம்: ‘லீட்’ எப்போது, ‘லெட்’ எப்போது?

கேள்வி: பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் வேதியியல் பாடத்தை உரக்கப் படிக்கும்போது ‘லீட் நைட்ரேட்’ என்றாள். அவளுடைய ஆசிரியர் அதை ‘லெட் நைட்ரேட்’ என்று திருத்தினாராம். ‘லீடர்’ என்ற சொல்லிலும் அதே எழுத்துகள்தானே இருக்கின்றன? ஒரே சொல்லை ஏன் இரண்டு விதமாக ஒலிக்க வேண்டும்?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஆசிரியர் திருத்தியது சரி. எல், இ, ஏ, டி என்னும் நான்கு எழுத்துகளால் எழுதப்படுவது ஒரே சொல் என்று நாம் எண்ணிக்கொள்வதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. அவை பிறப்பிலேயே வேறுபட்ட இரண்டு சொற்கள். பழைய ஆங்கிலத்தில் காரீயம் என்ற உலோகத்தைக் குறித்த பெயர்ச்சொல் ஒன்று. வழிநடத்துதல் என்ற பொருளுடைய வினைச்சொல் மற்றொன்று. காலப்போக்கில் இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து சேர்ந்துவிட்டன. வினைச்சொல்லின் உயிரொலி நெடிலாகவே நின்று ‘லீட்’ ஆயிற்று. உலோகப் பெயரின் உயிரொலியோ குறுகி ‘லெட்’ ஆயிற்று. தலையைக் குறிக்கும் ‘ஹெட்’, ரொட்டியைக் குறிக்கும் ‘பிரெட்’, இறந்ததைக் குறிக்கும் ‘டெட்’ ஆகியவையும் இதே போல இ, ஏ, டி என்று முடிந்து, குறிலாகவே ஒலிப்பதைத் தங்கள் மகளுக்குக் காட்டுங்கள். உடனே மனத்தில் பதியும்.

இது நமக்குப் புதிய அனுபவமும் இல்லை. ‘பாவ புண்ணியம்’ என்பதில் வரும் ‘பாவம்’ என்ற சொல்லையும், நாட்டியத்தில் முகத்தில் தோன்றும் ‘பாவம்’ என்ற சொல்லையும் நாம் ஒரே எழுத்துகளால்தான் எழுதுகிறோம். ஆயினும் ‘அவருடைய அபிநயத்தில் பாவம் சிறப்பாக இருந்தது’ என்ற வரியைப் படிக்கும் எவரும் பகரத்தை வல்லொலியாக உச்சரிப்பதில்லை. பொருள் முதலில் தெரிகிறது. ஒலி அதைப் பின்தொடர்கிறது. ஆங்கிலச் சொல்லுக்கும் இதுவே வழி. பேச்சு அந்த உலோகத்தைப் பற்றியது என்றால் ‘லெட்’. கார்களில் உள்ள லெட் ஆசிட் பேட்டரி, காரீயம் கலக்காத அன்லெடட் பெட்ரோல் ஆகியவை இதில் அடங்கும். ஏனைய இடங்களில் ‘லீட்’. முதல் இன்னிங்ஸில் ஓர் அணி பெறும் முன்னிலை, துப்பறியும் காவலருக்குக் கிடைக்கும் துப்பு, திரைப்படத்தின் முதன்மை வேடம், மின்கருவியிலிருந்து நீளும் கம்பி, பிரிட்டனில் நாயைப் பிடித்து நடத்தும் வார் ஆகிய எல்லாமே ‘லீட்’தான்.

இவற்றுக்கு நடுவே நின்று பலரையும் தடுமாற வைப்பது பென்சில். கடையில் ‘பென்சில் லீட் கொடுங்கள்’ என்று கேட்பதை அடிக்கடி கேட்கிறேன். ‘லெட்’ என்பதே சரி. பென்சிலில் காரீயம் துளியும் கிடையாது, உள்ளே இருப்பது கரியின் ஒரு வடிவமான கிராஃபைட். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் பகுதியில் அது கிடைத்தபோது, கறுத்துப் பளபளத்த அந்தக் கனிமத்தைக் காரீயத்தின் ஒரு வகை என்றே மக்கள் நம்பினார்கள். 1779இல் ஷீலே என்ற வேதியியலாளர் அது கரியே என்று காட்டிய பிறகும் பழைய பெயர் போகவில்லை.

கேள்வி: அலுவலகக் கடிதங்களை ஆங்கிலத்தில் தயாரிப்பது என் வேலை. ‘இதுவே தாமதத்துக்கு வழிவகுத்தது’ என்று இறந்தகாலத்தில் எழுதும்போது நான்கு எழுத்துகளையும் எழுதி ‘லெட்’ என்று படிக்கலாமா? ‘ரீட்’ என்பதை இறந்தகாலத்தில் எழுத்து மாற்றாமல் ‘ரெட்’ என்றுதானே படிக்கிறோம்?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: எழுதக் கூடாது. இறந்தகால வடிவத்தில் ‘ஏ’ விழுந்துவிடும். எல், இ, டி என்ற மூன்று எழுத்துகள் மட்டுமே நிற்கும். தாங்கள் சுட்டிய ‘ரீட் - ரெட்’ இணைதான் இந்தத் தவற்றுக்கு வேர். படிப்பதைக் குறிக்கும் வினை எழுத்தை மாற்றாமல் ஒலியை மட்டும் மாற்றிக்கொள்கிறது. வழிநடத்துவதைக் குறிக்கும் வினையோ இரண்டையும் மாற்றிக்கொள்கிறது. கணினியின் எழுத்துப்பிழை திருத்தியை இங்கே முழுதாக நம்ப முடியாது. நான்கெழுத்துச் சொல்லும் அகராதியில் உள்ள சொல் என்பதால், அதைப் பிழை என்று காட்டாமல் விட்டுவிடுவது உண்டு. என் மேசைக்கு வரும் ஆங்கில வரைவுகளில் நான் மிகுதியாகத் திருத்துவது இந்தச் சொல்லைத்தான்.

தவறாக வழிநடத்துவதைக் குறிக்கும் ‘மிஸ்லீட்’ என்ற சொல்லும் இறந்தகாலத்தில் இதே போல ‘ஏ’ இழந்து ‘மிஸ்லெட்’ ஆகும். அதை எழுத்தில் காணும்போது ‘மைசில்ட்’ என்று படித்துவிடுவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடமும் உண்டு.

பிரிட்டனின் புகழ்பெற்ற ராக் இசைக்குழுவான லெட் ஜெப்லின், 1968இல் தன் பெயரைத் தேர்ந்தபோது ‘ஏ’ எழுத்தை வேண்டுமென்றே நீக்கியது. காரீயத்தாலான ஆகாயக் கப்பல் என்பது அதன் பொருள். நான்கு எழுத்துகளையும் எழுதினால் மக்கள் ‘லீட்’ என்று படித்துவிடுவார்கள் என்ற அச்சமே காரணம்.

கேள்வி: நான் பக்க வடிவமைப்புப் பணியில் இருக்கிறேன். வரிகளுக்கு இடையிலான அளவைக் குறிக்கும் சொல்லை மென்பொருளில் ‘லீடிங்’ என்று நான் படிக்க, எங்கள் மூத்த பணியாளர் ‘லெடிங்’ என்கிறார்.
- ஒரு வாசகர், சிவகாசி

பதில்: மூத்தவரே சரியாகச் சொல்கிறார், அதற்கு அச்சுக்கூடமே சாட்சி. கையால் எழுத்துக் கோத்த காலத்தில், அச்செழுத்துகள் காரீயத்துடன் ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தால் வார்க்கப்பட்டன. நான் இளமையில் வேலை கற்ற அச்சகத்தில், எழுத்துக் கோப்பவர் இடக்கையில் கோப்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு வரி நிறைந்ததும், எழுத்தை விட உயரம் குறைந்த மெல்லிய ஈயத் தகடு ஒன்றை எடுத்து அதன்மேல் செருகிவிட்டு அடுத்த வரியைத் தொடங்குவார். உயரம் குறைந்ததால் அந்தத் தகட்டில் மை படாது. தாளில் அது வெற்றிடமாக மட்டும் தெரியும். அந்த ஈயத் தகட்டிலிருந்து வந்த பெயர்தான் ‘லெடிங்’. ‘பாயின்ட்’ என்னும் அச்சு அளவையே புள்ளி என்கிறோம். 12 புள்ளி எழுத்துக்கு 2 புள்ளித் தகடு செருகினால் அதை ‘12க்கு 14’ என்பார்கள். இன்றைய மென்பொருளில் அந்த 14 என்ற மொத்த அளவையே ‘லெடிங்’ என்று குறிக்கிறார்கள். அக்காலத்தில் செருகப்பட்ட 2 புள்ளிதான் உண்மையான ஈயம்.

இதே ஏழு எழுத்துகள் நீதிமன்றத்தில் ‘லீடிங் கொஸ்டின்’ என்று நெடிலாக ஒலிக்கும். அதை ‘முக்கியமான கேள்வி’ என்ற பொருளில் நம் ஊடகத்தார் சிலர் ஆள்வது எனக்கு வருத்தம் தருகிறது. கேட்பவர் எதிர்பார்க்கும் விடையைக் கேள்வியே சுட்டிக் கொடுக்குமானால், அதுவே அந்தப் பெயருக்கு உரியது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 141ஆவது பிரிவில் அதற்கு இப்படித்தான் இலக்கணம் வகுத்தது. ‘அவர் உங்களைக் கத்தியால்தானே குத்தினார்?’ என்று தம் சாட்சியிடம் முதல் விசாரணையில் கேட்டால் எதிர்த்தரப்பு மறுப்புத் தெரிவிக்கலாம். குறுக்கு விசாரணையில் அவ்வாறு கேட்கத் தடையில்லை.

கேள்வி: சமையல் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதுகிறேன். அகராதியில் ‘லெட்’ என்பதற்கு ‘ஈயம்’ என்று இருக்கிறது. அப்படியானால் ஈயச்சொம்பு ரசத்தை எழுதும்போது ‘லெட்’ பாத்திரம் என்று குறிப்பிடலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அருள்கூர்ந்து அப்படி எழுதிவிடாதீர்கள். தமிழில் ‘ஈயம்’ என்ற ஒரே பெயரின்கீழ் இரண்டு உலோகங்கள் இருக்கின்றன. காரீயம் ‘லெட்’, அது நஞ்சு. வெள்ளீயம் ‘டின்’. ரசச் சொம்பு செய்வதும், பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் பூசுவதும் வெள்ளீயத்தால்தான். ‘ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை’ என்று பழமொழி சொன்னவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டிய தேவை இருந்திருக்காது. அகராதியை மட்டும் நம்பி மொழிபெயர்ப்பவருக்கு அது கட்டாயம் தேவை. உங்கள் குறிப்பைப் படிக்கும் வெளிநாட்டவர் நாம் நஞ்சுப் பாத்திரத்தில் ரசம் வைக்கிறோம் என்று எண்ணிவிடக் கூடாது அல்லவா? ‘டின்’ என்று மட்டும் எழுதினால் தகர டப்பாவை நினைத்துக்கொள்வார்கள் என்பதால், ‘தூய டின் உலோகத்தாலான பாத்திரம்’ என்று விரித்து எழுதுங்கள். காரீயம் கலந்த சொம்பை வாங்கிவிடாமல், நம்பகமான கடையில் கேட்டு வாங்கும்படியும் ஒரு வரி சேருங்கள். வெள்ளீயம் 232 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். ஆகவே புளிக்கரைசலை ஊற்றிய பிறகே சொம்பை அடுப்பில் ஏற்ற வேண்டும் என்பதையும் தவறாமல் எழுதிவிடுங்கள்.