சீனி இறங்கினாப் பிறகும் ஏன் கால் எரியுது?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: நான் ஒரு டீச்சர், 49 வயசு. சீனி வருத்தம் வந்து 9 வருசம். முதல் 7 வருசம் குளுசையை ஒழுங்காப் போடேல்ல, அது என்ர பிழைதான். இப்ப ரெண்டு வருசமா நல்ல கட்டுப்பாடு, விடிய வெறுவயித்தில பாத்தா 110, 115 தான் காட்டுது. ஆனா போன மாசம் கண் கிளினிக்கில விழித்திரையில சின்னச் சின்ன ரத்தக்கசிவு இருக்கு எண்டு சொல்லிப்போட்டாங்க, ராவில உள்ளங்கால் மிளகாய் பூசின மாதிரி எரியுது. எங்கட ஸ்கூல்ல ஒராள், இது ஒக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ், ஆன்டிஒக்சிடன்ட் கெப்சூல் மூண்டு மாசம் குடிச்சா ரத்தக்குழாய் எல்லாம் கிளீன் ஆகும் எண்டு ஒரு போத்தல் கொண்டுவந்து காட்டினா. விலையும் கூட. வாங்கிக் குடிக்கவா?
- வாசகி, உப்புவெளி

பதில்: டீச்சர், முதல்ல அந்த "என்ர பிழைதான்" எண்டதை விடுங்க. சீனி கூடினா உடன நோகாது, அந்த 7 வருசமும் உடம்பு ஒண்டுமே இல்லாத மாதிரித்தான் இருந்திருக்கும், அதாலதான் எங்கட ஆக்கள் கனபேர் குளுசையை விட்டுடுறது.

அவ சொன்ன வருத்தத்திட பேர் சரி. போத்தல் வேண்டாம். ஏனெண்டு கொஞ்சம் விளக்கமாவே சொல்றன், நீங்க டீச்சர், பிள்ளையளுக்கும் சொல்லலாம்.

ரத்தக்குழாய்க்கு உள்பக்கமா ஒரே ஒரு அடுக்கு கலம் இருக்கு, அகவணி எண்டு சொல்றது. தசைக் கலத்துக்கு ரத்தத்தில சீனி கூடினா கதவைச் சாத்தத் தெரியும், இந்த அகவணிக் கலத்துக்கு அது தெரியாது, வெளியில சீனி ஏற ஏற உள்ளுக்கும் ஏறிக்கொண்டே போகும். விழித்திரை, கிட்னி, நரம்பு எல்லாத்திலயும் இதே மாதிரி கதவு சாத்தத் தெரியாத கலங்கள் இருக்கிறதாலதான் அந்த மூண்டும் முதல்ல அடிவாங்குது. உள்ள போன சீனியை இழைமணி, அதுதான் கலத்துக்குள்ள சக்தி உண்டாக்கிற அடுப்பு, எரிக்கவேணுமே, குப்பி விளக்குத் திரியை அளவுக்கு மிஞ்சித் தூண்டிவிட்டா வெளிச்சத்தை விடப் புகைதான் கூட வரும் பாருங்க, அப்பிடித்தான் அங்கயும், எரியிற வேகத்தில இலத்திரன் கசிஞ்சு ஒட்சிசனோட சேந்து சுப்பரொக்சைட் எண்ட சாமான் உண்டாகுது. இந்தப் புகைதான் ஒக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்.

அது செய்யிற முதல் வேலை, ரத்தக்குழாயைத் தளர்த்தி வைச்சிருக்கிற நைத்திரிக் ஒக்சைட் வாயுவைப் பிடிச்சுத் திண்டிடும். அந்த வாயு இப்பிடி ஒரு வேலை செய்யுது எண்டு கண்டுபிடிச்சதுக்குத்தான் 1998ல மூண்டு அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு குடுத்தது. அது குறைஞ்சா குழாய் இறுகும், கொழுப்பும் ரத்தக்கட்டியும் பிடிக்க லேசு. அடுத்தது, சீனி எரியிற பாதையில ஒரு நொதியம் அடைபட்டுப் போக, சீனி பக்கத்து ஒழுங்கையளுக்குள்ள பூந்து வேற வேற பாதையால சேதம் செய்யும். அதில ஒண்டு, சீனி புரதத்தில ஒட்டி அதை விறைக்கப் பண்ணுறது. பாணை வாட்டேக்க மேல்பக்கம் சிவந்து விறைக்கிறதும் இந்த வகை இரசாயன மாற்றம்தான். இதையெல்லாம் ஒரே நூலில கோத்துக் காட்டினவர் நியூயோர்க்கில இருந்த சீனி வருத்த ஆராய்ச்சியாளர் மைக்கேல் பிரவுன்லீ, 2004ல அவர் செய்த விரிவுரை இந்தத் துறையில பெரிய திருப்பம்.

இப்ப உங்கட கேள்விக்கு வாறன், சீனி இறங்கினாப் பிறகும் ஏன்? அந்தப் பழைய வருசங்களில ஒட்டின ஒட்டல் லேசில கழராது. அமெரிக்காவிலயும் கனடாவிலயும் டைப் 1 சீனி வருத்தம் உள்ள 1441 பேரை வைச்சு செய்து 1993ல முடிச்ச ஒரு ஆய்வு இருக்கு, டீசீசீடீ எண்டு சொல்லுவினம். அதில ஒரு பகுதியார் இறுக்கமான கட்டுப்பாடு, மற்றவை சாதாரணம். ஆய்வு முடிஞ்சாப் பிறகு ரெண்டு பகுதியாருக்கும் எச்பிஏ1சி, அதாவது கடைசி ரெண்டு மூண்டு மாசத்துச் சராசரிச் சீனியைக் காட்டுற ரத்தப் பரிசோதனை, கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வந்திட்டுது, ஆனாலும் முந்தி இறுக்கமா இருந்தவைக்குத்தான் பிறகும் கன வருசமா கண், கிட்னி பழுது குறைவா இருந்துது. உடம்பு கணக்கு எழுதி வைச்சிருக்கு டீச்சர். அந்தக் கொப்பியில உங்கட இந்த ரெண்டு நல்ல வருசமும் ஏறியிருக்கு, அதை நம்புங்க. அதோட சீனியை ஒரேயடியா வேகமா இறக்கினா முதல் கொஞ்ச மாசம் கண்ணில கூட்டிக் காட்டுறதும் உண்டு, அதுக்காகக் கட்டுப்பாட்டை விட்டுடாதேங்க.

கெப்சூலுக்கு வாறன். ஹோப் எண்ட ஆய்வில 9500 பேருக்கு மேல, சீனி வருத்தக்காரரும் கனபேர், விற்றமின் ஈ, அதுவும் ஒரு ஆன்டிஒக்சிடன்ட்தான், 400 யுனிட் நாலு வருசத்துக்கு மேல குடிச்சுப் பாத்தவை, 2000ல முடிவு வந்துது, மாரடைப்போ பக்கவாதமோ குறையேல்ல. திரியை இறக்காம புகையைத் துணியால துடைச்சு முடியுமே? நெல்லிக்காய், முருங்கையிலை, கீரை எல்லாம் தாராளமாச் சாப்பிடுங்க, அது சாப்பாடு. விற்றமின் சீ கூடின அளவில குடிச்சா சில குளுக்கோமீற்றர் பிழையான ரீடிங் காட்டும், அதையும் யோசியுங்க.

அந்தக் காசில செய்ய வேண்டியது வேற இருக்கு. எச்பிஏ1சி செய்யுங்க, விடியக்காலம் பாக்கிற 110 சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுறதைக் காட்டாது. சலத்தில மைக்ரோஅல்புமின் பாருங்க, கிட்னி பழுதாகத் தொடங்கினா சலத்தில கசியிற புரதம் அது. பிரசர் 130க்கு 80க்குக் கீழ நிக்கவேணும், இதைக் கனபேர் மறந்துபோறது. மெற்போமின் எண்ட சீனிக் குளுசையைக் கன வருசமாப் போடுறீங்க எண்டா விற்றமின் பி12 குறைஞ்சும் கால் எரியலாம், கிளினிக்கில கட்டாயம் கேளுங்க, அது உண்மையிலயே மருந்தால மாறக்கூடின விசயம். கண் கிளினிக் திகதியை எந்தப் பரீட்சைக்காகவும் தள்ளிப் போடாதேங்க.

கேள்வி: வாப்பாவுக்கு சீனியும் இருக்கு, ஒரு நாளைக்குப் பத்து சிகரெட்டும் இருக்கு. சீனி நோர்மல்தானே எண்டு சொல்லி விடமாட்டேங்கிறார். என்ன சொல்லி விடப்பண்ணுறது?
- வாசகர், மூதூர்

பதில்: தம்பி, மேல எழுதின அந்தப் புகை கலத்துக்குள்ளயே உண்டாகுது, சிகரெட் அதே சாமானை வெளியில இருந்தும் கொண்டுபோய்க் கொட்டுது, நைத்திரிக் ஒக்சைட்டை ரெண்டும் சேந்து திங்கும். வாப்பாக்கு நெஞ்சைப் பற்றிச் சொன்னாக் கேக்க மாட்டார், காலைச் சொல்லிப் பாருங்க. நடக்கேக்க கெண்டைக்கால் பிடிச்சு இழுத்து, கொஞ்சம் நிண்டாச் சுகமாகுதோ எண்டு கேளுங்க. ஓம் எண்டா காலுக்குப் போற குழாய் அடைபடத் தொடங்கியிருக்கலாம், உடன டொக்டரிட்டக் காட்டுங்க. நோன்பு காலத்தில பகல் முழுக்க விட்டு இருக்கிறார்தானே, அதில இருந்து தொடங்கலாம்.

கேள்வி: சீனி வருத்தக்காரர் கன்னியா வெந்நீரூற்றில குளிச்சா கால் விறைப்பு போகுமா?
- வாசகி, தம்பலகாமம்

பதில்: போகாது. குளிக்கலாம், ஆனா ஏழு கிணறும் ஒரே சூடில்ல, உங்கட காலை நம்பி ஊத்தாதேங்க, கூட வாறவையிட கையால தொட்டுப் பாக்கச் சொல்லுங்க. என்ர அம்மா ஒருக்கா கோணேசர் கோயிலுக்கு மத்தியானம் வெறுங்காலோட போட்டு வந்தவ, ஒண்டும் சொல்லேல்ல, பின்னேரம் கால் கழுவேக்கத்தான் நான் கண்டன், பெருவிரலுக்குக் கீழ ஒரு ரூபாக் குத்தி அளவு கொப்புளம், உடைஞ்சு சிவந்துபோய்க் கிடக்குது. நோகேல்லையோ எண்டு கேக்க, என்ன கொப்புளம் எண்டு என்னட்டயே கேட்டா. அது ஆற ரெண்டு மாசம் எடுத்துது. கோயிலுக்குக் காலமை வெள்ளண்ணப் போங்க, வீட்டுக்கு வந்து படுக்க முதல் உள்ளங்காலை ஒரு கண்ணாடி வைச்சுப் பாருங்க, விரல் இடுக்கையும் சேத்து.