ஸ்கேன் ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வந்தால், மனச்சோர்வில் வரும் மறதி வெறும் சாக்குதானா?

‘சாக்கு’ என்ற சொல்லைப் பார்த்ததும், உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உங்களைக் குற்றவாளியாக நிறுத்தியிருக்கிறார் என்று ஊகிக்கிறேன். என்னை அப்படி நிறுத்தியவர் என் மைத்துனர்.

நான் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. (ஊரே நிம்மதி தேடி மலையேறி வருகிற இடத்தில் உனக்கென்ன மனச்சோர்வு என்று கேட்க நினைப்பவர்களுக்கு முன்பே பலர் கேட்டுவிட்டார்கள்.) பழம் பறிக்கும் மாதங்களில், ஆளின் பெயர், மூட்டையின் எடை, சாக்குப் பைக்குக் கழிக்க வேண்டியது, அதே ஆள் காலையில் போட்ட எடை ஆகிய நான்கையும் மனத்தில் நிறுத்திக் கூட்டிப் பேரேட்டில் எழுதுவது பதினோரு ஆண்டுகளாக என் வேலை. அந்த டிசம்பரில் மேஸ்திரி “இருபத்தேழரை” என்பார். பேனா காகிதத்தைத் தொடுவதற்குள் அந்த எண் போயிருக்கும். “என்ன சாமி, மூணு வாட்டி சொல்லியாச்சே” என்று ஒரு மூதாட்டி கேட்டபோது, அவர் குரலில் கோபத்தைவிடக் கூலி குறைந்துவிடுமோ என்ற பயமே இருந்தது. இரவில் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். பருவம் முடிந்தபோது ஒரு கிலோகூடத் தவறவில்லை. ஆனால் ஒரு மணி நேர வேலை நள்ளிரவு வரை இழுத்தது.

பின்னர் சேலத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ. இயல்பாக இருந்தது. “மூளை நல்லாத்தான் இருக்குதாம், உடம்புதான் வளையலை” என்று மைத்துனர் உறவினர் எல்லோரிடமும் சொன்னார். அந்த ஸ்கேன் கட்டி, இரத்தக்கசிவு போன்றவற்றைக் காட்டுமே தவிர, மூளை எவ்வளவு பாடுபடுகிறது என்பதைக் காட்டாது. எங்கள் தராசும் மூட்டையின் எடையைத்தான் காட்டும். அதைத் தலையில் வைத்து மேட்டில் ஏறியவரின் மூச்சு அதில் ஏறுவதில்லை.

மூளை படும் அந்தப் பாட்டைப் பார்ப்பதற்குச் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. என்று வேறொன்று உண்டு. ஆக்சிஜன் ஏறிய இரத்தமும் இறங்கிய இரத்தமும் காந்தப்புலத்தில் வேறுவேறாகத் தெரியும் என்று 1990இல் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா காட்டியதிலிருந்து வந்த முறை அது; மூளையில் உழைக்கும் பகுதிக்கு ஆக்சிஜன் ஏறிய இரத்தம் கூடுதலாகப் பாய்வதை அது பிடித்துக் காட்டும். உள்ளே படுத்திருப்பவருக்கு எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றும். இப்போது வந்தது இரண்டு எழுத்துக்கு முன் வந்ததேதானா என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஏறக்குறைய என் எடைக் கணக்கேதான். 2005இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு ஆய்வில், மனச்சோர்வு உடையவர்கள் மற்றவர்களுக்கு இணையாகவே விடை சொன்னார்கள்; ஆனால் அவர்களுடைய நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் பகுதிகள் கூடுதலாக உழைத்தன. மதிப்பெண் ஒன்றுதான், செலவு வேறு.

மருத்துவம் படித்தவர்கள் கடிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: அதே பகுதிகள் குறைவாக இயங்கியதாகக் கண்ட ஆய்வுகளும் உண்டு. இவை குழுக்களின் சராசரிகள். ஒருவருடைய படத்தை மட்டும் வைத்து அவருக்கு மனச்சோர்வு உண்டு, இல்லை என்று தீர்ப்பளிக்க முடியாது. ஆகவே மைத்துனரை வெல்வதற்காக இன்னொரு ஸ்கேனுக்குப் பணம் கட்டாதீர்கள். மனநல மருத்துவர் உங்களிடம் பேசித்தான் முடிவுக்கு வருவார்.

சிகிச்சைக்குப் பிறகு எனக்கு வேகம் பெருமளவு திரும்பிவிட்டது. ஆயினும் தராசுக்கு அருகில் ஒரு சிலேட்டு வைத்திருக்கிறேன். எண் காதில் விழுந்தவுடன் அதில் எழுதிவிட்டுத்தான் பேரேட்டைத் தொடுகிறேன். மேஸ்திரி ஏனென்று கேட்கவில்லை. சாக்பீஸ் தீர்ந்தால் அவரே வாங்கி வந்து வைத்துவிடுகிறார்.