வண்டி வந்தால் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது, மறதி நோய். வேளச்சேரியில் ஒரு பகல்நேரப் பராமரிப்பு மையத்துக்கு மாத வாடகை ஆட்டோவில் அனுப்புகிறேன். ஆட்டோக்காரர் அடிக்கடி வருவதில்லை. போன வாரம் அவர் அனுப்பிய மாற்று ஆள் அப்பாவை கேட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். அப்பா பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துவிட்டார். மையத்து வேனுக்கு மாற்றலாமா?
- வாசகி, குரோம்பேட்டை

பதில்: நல்லவேளை, பஸ் ஏறவில்லை! என் மாமியாரை மூன்று வருஷம் இப்படி அனுப்பியவள் நான். மாற்றலாம். ஆனால் பணம் கட்டுமுன் ஒருநாள் காலையில் அந்த வேனில் நீங்களும் ஏறிப் போய்ப் பாருங்கள்.

டிரைவரோடு உதவியாள் யாராவது வருகிறாரா? டிரைவர் மட்டும்தான் என்றால், ஒருவரைக் கைபிடித்து உள்ளே கூட்டிப் போகும்போது வண்டியில் இருப்பவர்களை யார் பார்ப்பது?

அப்பா எத்தனையாவது ஆளாக ஏறுவார் என்றும் கேளுங்கள். என் மாமியார்தான் முதல் ஆள். வீடு வீடாக நின்று போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். ஒருநாள் அடக்க முடியாமல் புடவை நனைந்துவிட்டது. அதன்பின் வண்டிச் சத்தம் கேட்டாலே கட்டில் காலைப் பிடித்துக்கொள்வார். நோய் முற்றிவிட்டது என்று நாங்கள் பயந்தோம். பாவம், அவருக்கு வெட்கம்! வரிசையை மாற்றச் சொல்லிச் சண்டை போட்டேன். கடைசி ஆளாக ஏறியதும் இருபதே நிமிஷம், மறுபேச்சில்லாமல் கிளம்பினார். வேன் படி உயரமாக இருந்ததால் ஒரு மணையும் கொடுத்தனுப்பினேன்.

நம்பர் பிளேட்டையும் பாருங்கள். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் பிளேட் வேண்டும். மின்சார வண்டி என்றால் பச்சையில் மஞ்சள் எழுத்து. வெள்ளை பிளேட் வண்டியைக் காசுக்கு ஓட்டினால், விபத்து நடக்கும்போது இன்சூரன்ஸில் தகராறு வரும்.

வேன் சரிப்படாவிட்டால் ஆட்டோவே இருக்கட்டும். ஏறி இறங்கும் இடதுபக்கம் துணைக்கு வருபவர் உட்காரட்டும், கம்பி அடைத்த வலதுபக்கம் அப்பா. மாற்று டிரைவர் யார் என்று இப்போதே பேசி வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு அப்பாவைக் கோயில்வரை கூட்டிப் போய் வாருங்கள், முகம் பழகட்டும். "அண்ணே, உள்ளே ஆயாகிட்ட ஒப்படைச்சுட்டு, அங்கிருந்தே எனக்கு போன் பண்ணுங்க" என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், சட்டைப் பையில் முகவரிச் சீட்டு வைத்தால் எடுத்துப் போட்டுவிடுவார். உங்கள் நம்பரையும் மையத்து நம்பரையும் துணியில் எழுதி, காலருக்கு உள்பக்கம் தைத்துவிடுங்கள்.