எடை ஏறட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: என் பேத்திக்கு ஆறு மாதம். இதயத்தில் கீழ் அறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை இருக்கிறதாம். எடை நாலே முக்கால் கிலோ. உடனே ஆபரேஷன் என்கிறார் டாக்டர். சொந்தக்காரர்கள், 'புள்ள கொஞ்சம் தேறட்டும், இந்த உடம்பு தாங்காது' என்கிறார்கள். ஆபத்தை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?
- ஒரு வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: அம்மா, ஓட்டையை அடைக்காமல் உங்கள் பேத்தி தேறுவது கஷ்டம். நுரையீரலுக்குள் அளவுக்கு மீறி ரத்தம் பாய்வதால் மூச்சு வாங்கவே அவள் தெம்பெல்லாம் போய்விடும். இப்படி வரும் தாய்மார்களிடம் நான் முதலில் கேட்பது, பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா என்றுதான். நாலு மிடறு குடிக்கும், காம்பை விட்டுவிட்டு மூச்சு இரைக்கும், மறுபடி பிடிக்கும், அரை வயிற்றோடு தூங்கிவிடும். எடை எங்கிருந்து ஏறும்?

2002-ல் பாஸ்டன் மருத்துவர்கள் குழந்தை இதய ஆபரேஷன்களை ஆபத்தைப் பொறுத்து, குறைந்ததிலிருந்து கூடியது வரை ஆறு படிகளாகப் பிரித்தார்கள். இந்த ஓட்டையை அடைப்பது அதில் இரண்டாம் படி. அதற்கு மேல், குழந்தையையும் பார்ப்போம்: குறைமாதமா, டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பது) உண்டா, வேறு உறுப்பில் கோளாறா, நெஞ்சில் சளியா, எடை என்ன, எக்கோவில் (இதய ஸ்கேனில்) நுரையீரல் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று. எனக்குப் பெரிய பயம் அந்த அழுத்தம்தான். நாள்பட நீடித்தால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் தடித்து இறுகிவிடும். முற்றிவிட்டால் பிறகு ஓட்டையை அடைப்பதே ஆபத்து. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

'பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தானா மூடிருச்சே' என்பார்கள். சின்ன ஓட்டைகள் பல அப்படி மூடுவது உண்மை. உங்கள் பேத்திக்கு அதை நம்பி இருக்காதீர்கள்.

சர்ஜனிடம் தயங்காமல் கேளுங்கள்: இவ்வளவு சின்னக் குழந்தைகளுக்கு இங்கே அடிக்கடி செய்கிறீர்களா? ராத்திரி ஐசியூவில் குழந்தை இதய டாக்டர் இருப்பாரா? பணத்துக்கு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேருமா என்று ஆஸ்பத்திரியிலேயே விசாரியுங்கள்.

தேதி வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி பால் கொடுங்கள். பாலில் சேர்க்க டாக்டர் பவுடர் எழுதினால் தவறாமல் கலந்து கொடுங்கள். சளி, காய்ச்சல் வந்தால் மறைக்காமல் அன்றே சொல்லுங்கள். நெஞ்சுச் சளியோடு ஆபரேஷன் செய்தால் ஆபத்து கூடும் என்பதால் சில வாரம் தள்ளிவைப்பார்கள்.