100 சதவீதம் ஜெயித்தது யாரை?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். இந்த வருஷம் 10ஆம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் பாஸ். '100 சதவீத வெற்றி' என்று ஃப்ளெக்ஸ் அடித்து வாசலில் கட்டினோம். எங்கள் தமிழ் ஐயா அதைப் பார்த்துவிட்டு, வெற்றி என்பது போர்க்களத்துச் சொல், படிப்புக்கும் தொழிலுக்கும் அது ஆகாது, தேர்ச்சி என்றுதான் போட வேண்டும் என்கிறார். ஜெயம், ஜெயித்தல் எல்லாம் வடசொல், அதை வாயிலேயே எடுக்கக் கூடாதாம். ஆண்டுவிழாச் சான்றிதழில் இரண்டாவது வந்த பிள்ளைக்கும் 'வாகை சூடியமைக்கு' என்று எழுதி வைத்திருக்கிறோம், அதுவும் சந்தேகமாக இருக்கிறது. இன்னும் அச்சுக்குப் போகவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சருக்கு,

ஃப்ளெக்ஸ் விஷயத்தில் நானும் ஐயா பக்கம்தான். ஆனால் அவர் சொன்ன காரணம் நிற்காது. வெற்றி போருக்கு மட்டும்தான் என்றால் முதலில் தொல்காப்பியத்தைத் திருத்த வேண்டியிருக்கும். வெற்றியைச் சொல்லும் வாகைத் திணைக்கு அங்கே கொடுத்திருக்கும் இலக்கணம், அவரவர் தமக்குரிய கூறுபாட்டைக் குற்றமில்லாமல் மிகுதிப்படுத்துவது என்பதுதான். அரசரோடு பார்ப்பனர், அறிவன், தாபதர் என்று வாளெடுக்காத ஆட்களும் அந்த வரிசையில் வருகிறார்கள். இன்னும் கேளுங்கள், வாகையின் துறைகளைச் சொல்லும்போது தேரில் போன வீரர்கள் (தேரோர்) வென்ற களத்துக்குப் பக்கத்திலேயே ஏர் பிடித்தவர்களின் (ஏரோர்) நெற்களத்தையும் தொல்காப்பியர் வைக்கிறார். பிசான நெல்லை அறுத்து, களத்தில் போட்டு அடித்து, பொலி தூற்றி நிற்கிறவனும் வாகைக்குள்தான் இருக்கிறான். நம் ஆற்றுப்பாசன ஊர்களில் அவனை 'வெற்றி பெற்ற விவசாயி' என்று யாரும் சொல்வதில்லை, 'வெள்ளாமை வீடு வந்து சேந்துட்டு' என்பார்கள், அது வேறு விஷயம்.

பின்னே ஃப்ளெக்ஸில் என்ன குறை என்றால், இன்றைக்கு நாம் வெற்றி என்று சொன்னால் எதிரில் ஒரு ஆள் நிற்க வேண்டும். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்க, வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் வாங்கினார்களே, அது வெற்றி. கொடுக்க மாட்டேன் என்று ஒரு முதலாளி இருந்தான், கடைசியில் கொடுத்தான். உங்கள் பிள்ளைகள் எல்லாரும் பாஸ் என்றால் தோற்றது யார்? பக்கத்துப் பள்ளிக்கூடமா? (அதைத்தான் சொல்ல வருகிறீர்கள் என்றால் அப்படியே இருக்கட்டும்.) தேர்ச்சி நல்ல சொல். காய்ச்சலில் கிடந்த பிள்ளை எழுந்து நடமாடினாலும் 'தேறிட்டு' என்கிறோம், கணக்கில் முட்டிக்கொண்டிருந்த பையன் 35 வாங்கினாலும் 'தேறிட்டான்' என்கிறோம். அவனவன் பாடு அவனவனுக்கு, அடுத்தவனுக்கு அதில் பேச்சில்லை.

ஜெயத்தைப் பற்றி ஐயா கோபப்பட்டால் படட்டும். திருநெல்வேலிச் சீமையில் அதை வெளியே தள்ளினால் உங்கள் வருகைப் பதிவேட்டில் ஜெயராணி, ஜெயசீலன், ஜெயக்கொடி என்று ஒரு கூட்டமே எழுந்து போக வேண்டியிருக்கும். பாளையங்கோட்டை வீடுகளில் பழைய பைபிளைப் புரட்டினால் 'ஜெயங்கொள்ளுகிறவன்' என்றுதான் இருக்கும், அதை 'வெற்றி பெறுகிறவன்' என்று மாற்றி வாசித்தால் அங்குள்ள ஆச்சிகளுக்கு வேதம் கேட்ட மாதிரியே இருக்காது. சர்ச் இருக்கட்டும், கோயில் கொடையில் நடக்கும் கபடியைப் பாருங்கள். மைக் பிடித்தவர் "வெற்றி பெற்ற அணியினருக்குச் சுழற்கோப்பையும் ரொக்கப் பரிசும்" என்று நீட்டி முழக்குவார், உடனே மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்தில் நிற்பவரிடம், "நம்ம பயலுவ ஜெயிச்சுட்டானுவல்லா!" என்பார். ரெண்டுக்கும் வாய் ஒன்றுதான். சீட்டாடுகிற பழைய ஆட்களிடம் போனால் 'கெலிச்சுட்டான்' இருக்கிறது, தெலுங்கிலும் கன்னடத்திலும் அதற்குச் சொந்தக்காரர்கள் உண்டு. தாயக்கட்டம் பக்கம் வந்தால் இது எதுவுமே கிடையாது, காய் பழம் ஆகணும், அவ்வளவுதான்.

ஆட்ட மைதானத்தைத் தாண்டினால் இந்தச் சொற்கள் அப்படியே நின்றுவிடுகின்றன என்பதுதான் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. ஒருத்தன் ஒன்றுமில்லாமல் ஊரைவிட்டுப் போய், மளிகைக் கடையில் மூட்டை தூக்கி, பிறகு சொந்தமாகக் கடை போட்டு வீடும் கட்டிவிட்டான் என்று வையுங்கள். 'ஒரு நெலைக்கு வந்துட்டான்' என்பார்கள். 'மூணு பொம்பளப் பிள்ளையளையும் கரையேத்திட்டான்' என்பார்கள். 'அவன் ஜெயிச்சுட்டான்' என்று மொட்டையாகச் சொல்லிப் பாருங்கள், எதுல, எலெக்ஷன்லயா என்று கேட்பார்கள். அந்த ஆளிடமே போய், வியாபாரம் எப்படி அண்ணாச்சி என்று கேட்டால், பில் போடுகிற கை நிற்காமலே "ஏதோ ஓடுது" என்று பதில் வரும். பின்னால் ஆறு பேர் சாமான் கேட்டு நிற்பார்கள். கண்ணு பட்டுவிடும் என்ற பயம் பாதி, பக்கத்துக் கடைக்காரன் காதில் விழுமே என்ற கணக்கு பாதி. 'வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படி' என்று மேடையில் கத்துகிறவர்கள் பேச்சு எனக்கு ஒட்டாமல் போவதற்கு இதுதான் காரணம், யாரைத் தோற்கடிக்கச் சொல்கிறார்கள் என்று கடைசிவரை சொல்வதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்கு எரிச்சல் அங்கேதான். 'வெற்றிகரமாக'. போனில் பால்காரருக்கு 60 ரூபாய் அனுப்பினால் பணம் வெற்றிகரமாகப் போய்ச் சேர்கிறது, பாஸ்வேர்டை மாற்றினால் அதுவும் வெற்றிகரமாக மாறுகிறது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் படியுங்கள், 'பணம் அனுப்பப்பட்டது', என்ன குறைந்துபோயிற்று? ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற சொந்தக்காரர்கள் ஆபரேஷன் நல்லபடியா முஞ்சிட்டு என்றுதான் ஊருக்குப் போன் போடுகிறார்கள், மறுநாள் பேப்பரில்தான் அது வெற்றிகரமாக முடிகிறது.

வாகைக்கு வருகிறேன். வென்றவன் சூடுகிற பூ அது, இரண்டாவது வந்த பிள்ளைக்குப் போடாதீர்கள். அந்தப் பிள்ளைக்கே தெரியும் தான் இரண்டாவது என்று, 'நீளம் தாண்டுதலில் இரண்டாம் இடம்' என்று நேராக எழுதுங்கள், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. இன்னொன்று, வாகை என்று சொல்லிப் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடாதீர்கள், அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம், ரோஸ் நிறத்தில் பூக்கும். நம் வாகையின் பூ வெளுத்த பசுமஞ்சள், வாசனையும் உண்டு, காய்ந்த நெற்று காற்றில் கலகலவென்று சத்தம் போடும்.

ஃப்ளெக்ஸைக் கழற்ற வேண்டாம், அடித்த காசு போயிற்று, இருந்துவிட்டுப் போகட்டும். சான்றிதழில் முதலிடத்துக்கு மட்டும் 'வாகை சூடியமைக்கு'. கபடி டீமுக்கு 'வெற்றி பெற்றமைக்கு'. அச்சகத்தில் அநேகமாக 'வாகைச் சூடி' என்று ஒரு ச் சேர்த்து வைப்பார்கள், புரூஃப் வந்ததும் அதை எடுக்கச் சொல்லிவிடுங்கள், அங்கே வல்லினம் மிகாது. அந்த வேலையை ஐயாவிடமே கொடுங்கள், சந்தோஷமாகப் பார்ப்பார்.